பல்கலைக்கழகத்தில் ஒரு பொருள் வாங்குவது: இன்டென்ட் முதல் பணம் போய்ச் சேரும் வரை

மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் உதவியாளர்கள், துறைகளுக்கு வரும் இளம் பேராசிரியர்கள், ஆராய்ச்சித் திட்டப் பணியாளர்கள் எல்லோருக்கும் சேர்த்துப் பயிற்சி வகுப்பும் எடுக்கிறேன். முதல் நாள் விதிப் புத்தகத்தைத் திறப்பதில்லை. பழைய கோப்பு ஒன்றைக் கையில் கொடுத்து, "இந்த பில் ஏன் ஏழு மாதம் நின்றது, கண்டுபிடியுங்கள்" என்பேன்.

ஆய்வக மேசைகளைப் பழுதுபார்த்த கோப்பு அது. வேலையைச் செய்தவர் ஊரிலேயே சின்னப் பட்டறை வைத்திருப்பவர். படிக்கிறவர்கள் எல்லோரும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போவார்கள். கணக்குப் பிரிவு எழுதிய ஆட்சேபணையைப் பார்த்துவிட்டு, "அவர்கள்தான் நிறுத்தியிருக்கிறார்கள்" என்பார்கள். முதல் தாளைப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான் விஷயம் பிடிபடும். துறை கொடுத்த இன்டென்டில், அதாவது தேவையை எழுதிக் கொடுக்கும் தாளில், "மேசைகள் பழுதுபார்க்க" என்று மட்டும் இருக்கிறது. எத்தனை மேசை, என்ன பழுது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆர்டரில் 12 மேசை. போன இடத்தில் யாரோ வாய்வார்த்தையாகச் சொல்லி இன்னும் இரண்டையும் சரிசெய்ய வைத்திருக்கிறார்கள். பில் 14 மேசைக்கு வந்தது. விளக்கம் கேட்டு எழுதியபோது துறைத்தலைவர் மாறிவிட்டார். புதியவருக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பட்டறைக்காரர் ஏழு மாதம் படியேறி இறங்கினார்.

பில் நிற்பது கணக்குப் பிரிவில்தான், ஆனால் நிற்க வைத்தது முதல் தாள். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் இதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

எந்த விதி நம்மைக் கட்டுப்படுத்துகிறது

மத்தியப் பல்கலைக்கழகங்களில் கொள்முதலுக்கு அடிப்படை, ஜிஎஃப்ஆர் என்று நாங்கள் சொல்லும் பொது நிதி விதிகள் 2017. அதன் 21ஆம் விதியை மட்டுமாவது புதியவர்கள் ஒருமுறை முழுதாகப் படிக்க வேண்டும். சாதாரண விவேகம் உள்ள ஒருவர் தன் சொந்தப் பணத்தைச் செலவழிக்கும்போது எவ்வளவு கவனமாக இருப்பாரோ, அதே கவனம் பொதுப் பணத்திலும் இருக்க வேண்டும் என்கிறது அது. நான் பார்த்த தணிக்கை ஆட்சேபணைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு வரிக்குள் அடக்கிவிடலாம்.

மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களுக்கு விதியின் பெயரும் எண்ணும் மாறும். கோப்பு நகரும் வழி ஏறக்குறைய இதேதான்.

படி 1: இன்டென்ட்

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். இன்டென்ட் என்பது, இந்தப் பொருள் எங்களுக்கு வேண்டும் என்று துறை எழுதிக் கொடுக்கும் தாள். பலர் இதை ஒரு சடங்குபோல நிரப்புகிறார்கள். நான்கு கேள்விகளுக்கு அதில் பதில் இருக்க வேண்டும்: என்ன வேண்டும், எத்தனை, எதற்கு, இப்போது கையிருப்பு எவ்வளவு. கடைசிக் கேள்விக்குத்தான் அநேகமாக எல்லோரும் பதில் எழுதுவதில்லை. இருப்புப் பதிவேட்டைப் பார்த்து "இருப்பில் இல்லை" என்று ஸ்டோர் பொறுப்பாளர் கையெழுத்திட்டால் போதும், பின்னால் வரும் பாதிக் கேள்விகள் எழாமலே போகும்.

அடுத்தது பொருளின் விவரக்குறிப்பு. 'நல்ல தரமான ஃபிரிட்ஜ் ஒன்று' என்று எழுதினால் அது விவரக்குறிப்பு ஆகாது. ஆய்வகத்துக்கு என்றால் எத்தனை லிட்டர், எந்த வெப்பநிலை வரை போக வேண்டும், உள்ளே வைக்கப்போவது வேதிப்பொருளா ரத்த மாதிரியா, மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் குளிர் நிற்க வேண்டும் என்று எழுதுங்கள். அதற்காக ஒரு கம்பெனியின் விளம்பரத் தாளைப் பார்த்து அதன் நீளம், அகலம், எடை, நிறம் வரை அப்படியே எழுதினாலும் தப்பு. அந்த ஒரே கம்பெனிக்காக எழுதியது என்று படித்தவுடனே தெரிந்துவிடும். நமக்கு என்ன வேலை ஆக வேண்டும் என்பதை எழுதினால் போதும். கம்பெனியின் பெயர் வேண்டாம்.

பேராசிரியர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: விவரக்குறிப்பை ஆராய்ச்சி மாணவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். கருவி வந்து இறங்கி, "நாம் கேட்டது இது இல்லையே" என்று சொல்லும் நாளில் உங்கள் கையெழுத்துத்தான் அந்தத் தாளில் இருக்கும்.

உத்தேச மதிப்பும் இன்டென்டிலேயே வேண்டும். எந்த வழியில் வாங்குவது, யார் அனுமதி தருவது எல்லாம் இந்தத் தொகையை வைத்துத்தான் முடிவாகும். மனக்கணக்கில் போடாமல், சந்தை விலையையோ போன முறை வாங்கிய விலையையோ ஆதாரமாகக் காட்டுங்கள்.

படி 2: எந்தத் தலைப்பில் பணம்

மானியம் மூன்று தலைப்புகளில் வருகிறது. 'ஆப்ஜெக்ட் ஹெட்' என்பதைத்தான் ஓஹெச் என்று சுருக்கிச் சொல்கிறோம்: ஓஹெச் 31 பொதுச் செலவுக்கு, ஓஹெச் 35 மூலதனச் சொத்துகளுக்கு, ஓஹெச் 36 சம்பளத்துக்கு. பிரிண்டருக்கான டோனர் 31இல் போகும், பிரிண்டர் 35இல் போகும். 35இல் பணம் தீர்ந்துவிட்டது என்பதற்காகக் கருவியை 31இல் போட்டு வாங்க முடியாது. ஆராய்ச்சித் திட்டம் என்றால் நிதி கொடுத்த அமைப்பின் அனுமதிக் கடிதத்தை எடுத்து, கருவி, நுகர்பொருள், பயணம் என்று எதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். திட்டம் முடியும் தேதியையும் பாருங்கள். முடிந்த பிறகு போட்ட ஆர்டரை எந்தத் தலைப்பிலும் நுழைக்க முடியாது.

நிதி இருக்கிறது என்று கணக்குப் பிரிவு உறுதி செய்து, அதிகாரம் உள்ளவர் அனுமதி கொடுத்த பிறகே அடுத்த படி. பொருளை முதலில் வாங்கிவிட்டு, பிறகு அனுமதி கேட்கும் கோப்புகளும் வருகின்றன. பின்னேற்பு என்று அதற்கு ஒரு பெயர் இருப்பதாலேயே அது ஒரு வழி என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 3: முதலில் ஜெம்

அரசு மின்சந்தையான ஜெம் தளம் 2016 ஆகஸ்டில் வந்தது. அதில் கிடைக்கும் பொருளையும் சேவையையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்று ஜிஎஃப்ஆரின் 149ஆம் விதி கட்டாயமாக்கியிருக்கிறது. சிறிய தொகைக்கு நேரடியாக வாங்கலாம். அதற்கு மேலே போனால், குறைந்தது மூன்று வெவ்வேறு தயாரிப்பாளர்களின் பொருள்களை ஒப்பிட்டு, தகுதியானவற்றில் விலை குறைந்ததை, அதாவது எல்1ஐ எடுக்க வேண்டும். அதற்கும் மேலே, விற்பனையாளர்களிடம் போட்டி விலை கேட்கும் ஏலம். 2017இல் இந்தக் கோடுகள் 50,000 ரூபாயிலும் 30 லட்சத்திலும் இருந்தன; பிறகு மாற்றியிருக்கிறார்கள். எண்ணை மனப்பாடம் செய்வதைவிட, நடப்பில் உள்ள சுற்றறிக்கையின் நகலை மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொள்வது நல்லது.

ஜெம்மில் இருப்பதாலேயே விலை சரி என்று ஆகிவிடாது. அங்கே 900 ரூபாய் போட்டிருக்கும் பொருள் கடைத்தெருவில் 500க்குக் கிடைக்கலாம். விலை நியாயமானதுதான் என்று வாங்குபவர் உறுதிசெய்ய வேண்டும் என அதே விதி சொல்கிறது. வெளியே விலையைப் பார்த்து ஒரு வரி எழுதி வையுங்கள்.

பொருள் அங்கே இல்லையென்றால் அதற்கான அறிக்கையை, ஜெம்ஆர்ப்ட்ஸ் என்று சொல்வார்கள், தளத்திலேயே எடுத்து, அதன் தனி எண்ணோடு கோப்பில் வைக்க வேண்டும். "ஜெம்மில் தேடினோம், கிடைக்கவில்லை" என்று கையால் எழுதினால் செல்லாது.

படி 4: வெளியே வாங்குவது

2017இல் விதி வந்தபோது 25,000 ரூபாய் வரை கொட்டேஷன் இல்லாமல் வாங்கலாம் என்றிருந்தது. அதற்கு மேல் இரண்டரை லட்சம் வரை மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் கொள்முதல் குழு. 25 லட்சம் வரை, தெரிந்தெடுத்த நிறுவனங்களிடம் கேட்கும் வரையறுக்கப்பட்ட டெண்டர். அதற்கும் மேல் விளம்பர டெண்டர். இந்த வரம்புகளும் பிறகு மாறின. ஆராய்ச்சிக்கான கருவிகள், நுகர்பொருள்களுக்கு 2025 ஜூனில் தனியாக உயர்த்தினார்கள்: நேரடியாக வாங்க 2 லட்சம் வரை, குழு வழியாக 25 லட்சம் வரை. ஆய்வகங்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் ஆராய்ச்சிக்கு என்று கொடுத்த வரம்பில் அலுவலக நாற்காலி வாங்க முடியாது.

கொட்டேஷன் இல்லாமல் வாங்கினாலும் ஒரு சான்று எழுத வேண்டும்: பொருள் தேவையான தரத்தில் இருக்கிறது, நம்பகமான விற்பனையாளரிடம் நியாயமான விலைக்கு வாங்கினேன், இதில் நான் திருப்தி அடைந்தேன் என்று. 'நான்' என்றுதான் அதில் இருக்கிறது. துறையின் பெயரில் போகும் சான்று இல்லை இது.

கொள்முதல் குழு என்றால் மூன்று பேரும் சந்தைக்குப் போய் விலை, தரம் விசாரித்துக் கூட்டாகச் சான்று தர வேண்டும். எழுதி வைத்த தாளில் மற்ற இருவரும் கையெழுத்து மட்டும் போடும் பழக்கம் வேண்டாம். கொட்டேஷன்களைப் படிக்கும்போது கண்ணைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூன்று கடை, மூன்று லெட்டர்பேட், ஆனால் மூன்றிலும் ஒரே எழுத்துப் பிழை இருந்தால் மூன்றையும் ஒரே ஆள் தட்டச்சு செய்திருக்கிறார் என்று அர்த்தம். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் சொல்லத் தயங்காதீர்கள். புதியவர் என்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள்.

ஒப்பீட்டுப் பட்டியல் போடும்போது புதியவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் வரி. ஒரு கடை 48,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி என்று கொடுத்திருக்கும். இன்னொன்று எல்லாம் சேர்த்து 55,500. மேலோட்டமாகப் பார்த்தால் முதல் கடை மலிவு. 18 சதவீத வரியைச் சேர்த்தால் 56,640 ஆகிவிடும். எல்1 இரண்டாவது கடைதான். ஏற்றுகூலி, நிறுவும் செலவு, உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் இப்படி ஒரே தளத்தில் கொண்டுவந்து நிறுத்திய பிறகே வரிசைப்படுத்த வேண்டும்.

பிரித்து வாங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஆறு கணினி தேவை, மொத்தமாக வாங்கினால் டெண்டர் போட வேண்டியிருக்கிறது. இந்த வாரம் மூன்று, அடுத்த வாரம் மூன்று என்று வாங்கிவிடலாம் என்று யாராவது ஆலோசனை சொல்வார்கள். மேல் அனுமதியைத் தவிர்ப்பதற்காகத் தேவையைத் துண்டுபோடக் கூடாது என்று 157ஆம் விதி நேரடியாகவே சொல்கிறது. தணிக்கைக்கு வருபவர் ஆர்டர் பதிவேட்டைத் தேதிவாரியாகப் பார்த்தாலே போதும், இது வெளியே வந்துவிடும். வருட ஆரம்பத்திலேயே துறையின் தேவையைத் தொகுத்துக்கொண்டால் இந்த ஆசைக்கு இடமே இருக்காது.

ஒரே தயாரிப்பாளரிடம்தான் கிடைக்கும் என்றால் தனியுரிமைப் பொருள் சான்று போட்டு வாங்கலாம். 'ஏற்கெனவே இருக்கும் இந்தக் கருவிக்கு இந்தப் பாகம்தான் பொருந்தும்' என்பது காரணம். 'எங்களுக்குப் பழகிய கம்பெனி' என்பது காரணமாகாது.

டெண்டர் பற்றித் தனியாக ஒரு நாள் வகுப்பு வேண்டும். இங்கே இரண்டே விஷயம். விளம்பர டெண்டரில் விண்ணப்பிக்கச் சாதாரணமாகக் குறைந்தது மூன்று வாரம் கொடுக்க வேண்டும், வெளிநாட்டு நிறுவனங்களையும் எதிர்பார்த்தால் நான்கு. இஎம்டி என்னும் முன்வைப்புத் தொகை உத்தேச மதிப்பில் 2 முதல் 5 சதவீதம். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கைத் தெரியாமல் ஒரு சின்ன நிறுவனத்தைத் தள்ளுபடி செய்துவிட்டால் டெண்டர் முழுவதுமே சிக்கலாகும்.

படி 5: ஆர்டர்

ஆர்டரில் பொருள், எண்ணிக்கை, விலை, வரி, எந்தக் கட்டடத்தில் எந்த அறையில் இறக்க வேண்டும், எந்தத் தேதிக்குள், தாமதமானால் எவ்வளவு பிடித்தம், பணம் எப்போது என்று எல்லாம் இருக்க வேண்டும். போட்ட ஆர்டரை வாய்வார்த்தையால் மாற்றாதீர்கள். அந்த இரண்டு மேசைகளை நினைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் வேலை தேவைப்பட்டால் அரை நாள் செலவழித்துத் திருத்த ஆணை வாங்கிவிடுங்கள்.

முன்பணம் கேட்பார்கள். வேலை முடிந்து, பொருள் வந்த பிறகே பணம் என்பதுதான் பொது விதி. தவிர்க்க முடியாத இடத்தில் தனியார் நிறுவனத்துக்கு 30 சதவீதம் வரை, அரசு அமைப்புக்கு 40 சதவீதம் வரை கொடுக்க 172ஆம் விதி இடம் கொடுக்கிறது. தனியாருக்குக் கொடுக்கும்போது வங்கி உத்தரவாதம் போன்ற பிணை வாங்காமல் கொடுக்க வேண்டாம்.

படி 6: பொருள் வந்து இறங்கும் நாள்

இந்த நாளைத்தான் துறைகள் மிக அலட்சியமாகக் கடக்கின்றன. வண்டி வாசலில் நிற்கும், டிரைவர் அவசரப்படுத்துவார், யாரோ ஒரு மாணவர் டெலிவரி சலானில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். பெட்டி இரண்டு மாதம் வராந்தாவில் கிடக்கும். திறந்தால் கண்ணாடிப் பாகம் உடைந்திருக்கும். விற்றவர் சலானைக் காட்டுவார், நம்மிடம் பதில் இருக்காது.

யார் வாங்கிக்கொள்வது என்று ஆர்டர் போடும்போதே ஒரு பெயரை முடிவு செய்யுங்கள். வந்த அன்று பெட்டிகளை எண்ணி, "பிரித்துச் சோதிக்கவில்லை" என்று எழுதியே சலானில் கையெழுத்திடுங்கள். பெட்டியை விற்பனையாளரின் ஆளை வைத்துக்கொண்டே திறப்பது இன்னும் நல்லது. வரிசை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள்.

ஜெம்மில் வாங்கியதற்கு நேரக் கணக்கு உண்டு. பொருள் வந்த 48 மணி நேரத்துக்குள் தற்காலிகப் பெறுகைச் சான்று. 10 நாளுக்குள் சோதித்து ஏற்பதா நிராகரிப்பதா என்ற சான்று. இதை சிஆர்ஏசி என்பார்கள். நீங்கள் 10 நாள் பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகத் தளமே முடிவு செய்துவிடும். அதன் பிறகு குறை சொல்லிப் பொருளைத் திருப்பி அனுப்புவது பெரும் போராட்டம்.

பிறகு ஸ்டாக் என்ட்ரி. நிலைச் சொத்துக்கு ஜிஎஃப்ஆர் 22, நுகர்பொருளுக்கு 23, நூலகப் புத்தகத்துக்கு 18 என்று தனித்தனிப் பதிவேட்டுப் படிவங்கள் உண்டு. பதிந்த பக்க எண்ணை பில்லின் மேலேயே எழுத வேண்டும். நிலைச் சொத்து, நுகர்பொருள் பதிவேடுகளை வருடத்துக்கு ஒருமுறையாவது பொருளோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கவும் வேண்டும். நூலகத்துக்கு மட்டும் விதி கொஞ்சம் இளகுகிறது: வருடத்தில் படிக்க எடுத்த ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால் அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம். புத்தகம் கைக்குக் கை போக வேண்டிய பொருள் என்று புரிந்து எழுதிய விதி இது. எனக்கு மிகவும் பிடித்தது.

படி 7: பில்

பில்லைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பும் முன், ஆர்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆர்டர் எண் இருக்கிறதா, பல்கலைக்கழகத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் சரியா, எண்ணிக்கையும் விலையும் ஆர்டரோடு பொருந்துகிறதா, வங்கிக் கணக்கு விவரம் உண்டா. ஒரு எண் தவறினாலும் திரும்பி வரும். திரும்பி வந்தால் ஒரு வாரம் போச்சு. இன்டென்ட், அனுமதி, ஒப்பீட்டுப் பட்டியல், ஆர்டர், சலான், ஸ்டாக் என்ட்ரி, பொருள் திருப்திகரமாக வேலை செய்கிறது என்ற சான்று, பில் என்று நடந்த வரிசையிலேயே கோப்பைக் கோத்து, பக்க எண் போடுங்கள்.

பிடித்தம் பற்றி விற்பனையாளர்கள் உங்களிடம்தான் கேட்பார்கள், தெரிந்து வைத்திருங்கள். ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் 3,00,000 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி 54,000, மொத்தம் 3,54,000 என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக ஒப்பந்த மதிப்பு இரண்டரை லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி டிடிஎஸ் 2 சதவீதம்: 6,000. ஒப்பந்தப் பணிக்கான வருமான வரிப் பிடித்தம் நிறுவனத்துக்கு 2 சதவீதம்: இன்னொரு 6,000. தனிநபராக இருந்தால் 1 சதவீதம்தான். இரண்டையும் வரி சேர்க்காத மூன்று லட்சத்தின் மேல்தான் கணக்கிட வேண்டும். கையில் போவது 3,42,000. பிடித்தது எங்கும் போய்விடவில்லை, அவர் பெயரிலேயே அரசிடம் இருக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் நாம் அதைக் காலத்தில் கட்டி, கணக்குத் தாக்கல் செய்தால்தான் அவர் கணக்கில் தெரியும். ஜிஎஸ்டி பிடித்தத்துக்கு அடுத்த மாதம் 10ஆம் தேதி, வருமான வரிக்கு 7ஆம் தேதி என்பது கணக்குப் பிரிவின் தலைவலி. பில்லை 31ஆம் தேதி மாலை கொண்டுபோய்க் கொடுத்து அந்தத் தலைவலியைக் கூட்ட வேண்டாம்.

சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. விற்றவர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால், 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எப்படிப் பார்த்தாலும் 45 நாளுக்குள் பணம் போய்ச் சேர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதா மாதம் கூட்டும் வட்டி. அந்த வட்டிக்கு எந்தத் தலைப்பிலும் நிதி ஒதுக்கீடு கிடையாது. வட்டிக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. நமக்கு வேலை செய்கிற உள்ளூர் ஆட்கள் பலர் மரமும் இரும்பும் கடனுக்கு வாங்கி வந்து செய்பவர்கள். நம் சம்பளம் மாதக் கடைசியில் தவறாமல் வருகிறது. அவர்களுக்கும் வர வேண்டியது வேளைக்கு வர வேண்டும்.

அட்வான்ஸ் எடுத்தவர்களுக்கு

கருத்தரங்கு நடத்த, களப்பணிக்குப் போக அட்வான்ஸ் எடுத்தால், எடுத்த 15 நாளுக்குள் கணக்குக் கொடுத்து மீதியைக் கட்ட வேண்டும். தவறினால் சம்பளத்தில் பிடிக்க 323ஆம் விதி இடம் கொடுக்கிறது. சாப்பாடு, ஆட்டோ, பூமாலை என்று சின்னச் செலவுகளின் ரசீதை அன்றன்றே ஒரு உறையில் போட்டு, பின்பக்கம் எதற்கு என்று எழுதி வைப்பவர்கள் ஒரே நாளில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். நிகழ்ச்சி முடிந்து ஒரு மாதம் கழித்து ரசீதைத் தேடுபவர்கள் கைக்காசைப் போட்டுத்தான் முடிக்கிறார்கள்.

மார்ச்

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. செலவழிக்காத மானியம் கையை விட்டுப் போகும் என்ற பயத்தில் பிப்ரவரியில்தான் பல துறைகளுக்கு இன்டென்ட் நினைவுக்கு வருகிறது. டெண்டருக்கு மூன்று வாரம், திறந்து மதிப்பிட இரண்டு வாரம், பொருள் வர ஒன்றிரண்டு மாதம் என்று பின்னோக்கி எண்ணினால், பெரிய கருவிக்கான இன்டென்ட் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எங்கள் மேசைக்கு வந்துவிட வேண்டும். பொருள் வராமலே வந்ததாக மார்ச் 30ஆம் தேதி ஸ்டாக் என்ட்ரி போடச் சொல்லி யாராவது கேட்டால், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், போடாதீர்கள். முடியாது என்று சொல்லத் தயக்கமாக இருந்தால் கோப்பை எங்கள் பிரிவுக்கு அனுப்பிவிடுங்கள், நாங்கள் எழுதிக் கொள்கிறோம்.

பணம் போன பிறகு

மத்திய அரசின் பணப்பட்டுவாடாத் தளமான பிஎஃப்எம்எஸ் வழியாகப் பணம் போனதும் பரிவர்த்தனை எண் ஒன்று வரும். அதைக் கோப்பில் குறித்துவிட்டு, விற்பனையாளருக்கு ஒரு போன் போடுங்கள்: "அண்ணே, உங்கள் பில் பாஸ் ஆகிவிட்டது. பிடித்தம் இவ்வளவு, வங்கியில் இவ்வளவு விழும், நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள்." இரண்டு நிமிடம் ஆகும். எங்கள் பிரிவில் கோப்பின் கடைசிப் பக்கத்தில் அந்த போனைச் செய்த தேதியையும் எழுதுகிறோம். அதற்கு மேல்தான் 'கோப்பு முடிந்தது' என்று முத்திரை.